யாருக்குக் குடுக்கறது? பேரிடரா, நோய்த்தடுப்பா, படிப்பா, நேரடிப் பணமா: முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு ஒப்பீடு

சித்தி பொண்ணு போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணா. "அக்கா, சம்பளத்துல ஒரு பங்கு அடுத்தவங்களுக்குன்னு எடுத்து வைக்க ஆரம்பிச்சேன், மூணு மாசமா அது அப்படியே அக்கவுண்ட்ல கிடக்கு, யாருக்குக் குடுக்கறதுன்னே தெரியல, ஒண்ணுக்குக் குடுத்தா இன்னொண்ணக் கைவிட்ட மாதிரி மனசு அடிச்சுக்குது"ன்னா. இதே கேள்விய வேற வேற வார்த்தைல இன்னும் நிறைய பேர் கேட்டிருக்காங்க, குடுக்க மனசு இருக்கு, கையில கொஞ்சம் காசும் இருக்கு, ஆனா கேக்கறவங்க ஆயிரம் பேர். அவளுக்கு அன்னைக்கு என்னால சரியா பதில் சொல்ல முடியல. அதுக்கப்புறம் உக்காந்து யோசிச்சதையும் படிச்சதையும்தான் இங்க எழுதறேன்.

முதல்ல என் கணக்கையே எடுத்துப் பாத்தேன். ஒரு வருஷ பேங்க் ஸ்டேட்மெண்ட்ட பிரிண்ட் எடுத்து, டொனேஷன் போன வரி எல்லாம் மஞ்சள் பேனாவால அடிச்சேன். மொத்தம் பதினாலு. அதுல பதினொண்ணு ஒரு போட்டோவோ வீடியோவோ பாத்து ஒரு மணி நேரத்துக்குள்ள அனுப்பினது. எதுக்கு அனுப்பினேன்னு நாலு விஷயத்துல ஞாபகமே வரல. பணம் போனது தப்பில்ல, ஆனா முடிவு பண்ணது நான் இல்ல, அன்னைக்கு யாரோட மெசேஜ் மேல இருந்துச்சோ அதுதான் முடிவு பண்ணிருக்கு. கேக்கத் தெரிஞ்சவங்களுக்குக் கிடைச்சுது, கேக்கத் தெரியாதவங்களுக்குக் கிடைக்கல.

## எத வெச்சு எடை போடறது

எந்தக் காரியத்துக்குக் குடுக்கறதா இருந்தாலும் இந்த அஞ்சு கேள்விய முன்னாடியே எழுதி வெச்சுக்கங்க, போட்டோ வந்ததுக்கு அப்புறம் யோசிச்சா வேலைக்காகாது.

எவ்வளவு பேரோட கஷ்டம், எவ்வளவு ஆழமான கஷ்டம்? இத நம்ம மனசு தானா கணக்குப் போடாது. 1990கள்ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு நடந்துச்சு, எண்ணெய்க் குட்டைல விழுந்து சாகற பறவைங்களக் காப்பாத்த எவ்வளவு குடுப்பீங்கன்னு கேட்டாங்க. 2,000 பறவைன்னு சொன்ன கும்பல் சராசரியா 80 டாலர்னு சொல்லுச்சு, 20,000 பறவைன்னு கேட்ட கும்பல் 78, ரெண்டு லட்சம் பறவைன்னு கேட்ட கும்பல் 88. நூறு மடங்கு பெருசானா கூட மனசுக்குள்ள ஓடறது ஒரே ஒரு பறவையோட படம்தான். மனசோட குறைன்னு இத நான் சொல்லல, மனசு அப்படித்தான் இருக்கும், அதனாலதான் பக்கத்துல ஒரு பேப்பர் வேணும்ங்கறேன்.

குடுத்தா நிஜமாவே மாறுமா? நல்ல எண்ணம் வேற, நடக்கறது வேற. தென் ஆப்பிரிக்கப் பகுதி நாடுகள்ல குழந்தைங்க விளையாடற ராட்டினத்தையே தண்ணி பம்பா மாத்தற திட்டம் ஒண்ணு வந்துச்சு, பேரு ப்ளேபம்ப். குழந்தைங்க சுத்தினா டேங்க்ல தண்ணி ஏறும், கேக்கவே எவ்வளவு அழகா இருக்கு, 2006ல பெரிய பெரிய ஆளுங்க பணம் அறிவிச்சாங்க. ஒரு பம்புக்கு 2,500 பேருக்குத் தண்ணின்னு வெச்ச இலக்கை எட்டணும்னா ஒரு நாளைக்கு 27 மணி நேரம் குழந்தைங்க சுத்தணும்னு அப்புறம் ஒரு பத்திரிகை கணக்குப் போட்டுச்சு. கடைசில பல ஊர்ல பெரிய பொம்பளைங்கதான் அந்த ராட்டினத்தக் கையால தள்ளித் தண்ணி எடுத்தாங்க. அதே மாதிரி தப்பு வழில போற பசங்கள ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போய் பயமுறுத்தித் திருத்தற திட்டம் அமெரிக்காவுல ரொம்பப் பேர் வாங்கினது, அப்புறம் ஒழுங்கா ஆராய்ஞ்சு பாத்தா அதுல கலந்துக்கிட்ட பசங்க, கலந்துக்காத பசங்கள விட அதிகமா குற்றத்துல மாட்டினாங்க. அதனால "உதவி பண்றாங்க"ங்கறதோட நிறுத்தாம, "பண்ணாம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும், அதோட ஒப்பிட்டுப் பாத்தாங்களா"ன்னு கேளுங்க.

ஏற்கெனவே எத்தன பேர் குடுக்கறாங்க? டிவில வர்ற விஷயத்துக்கு உங்க பணம் பத்தாயிரத்து ஒண்ணாவது ஆளோட பணம். யாருக்கும் தெரியாத விஷயத்துக்கு அது மூணாவது ஆளோட பணமா இருக்கலாம்.

போன பணத்துக்கு யார் கணக்கு சொல்வாங்க? இதுல ஒரு தப்பான பழக்கம் இருக்கு, "நிர்வாகச் செலவு எத்தன சதவீதம்"னு மட்டும் பாத்து முடிவு பண்றது. நானும் பல வருஷம் அப்படித்தான் பண்ணேன். 2013ல அறக்கட்டளைகள மதிப்பிடற மூணு அமெரிக்க அமைப்புகளோட தலைவருங்க சேந்து, கைட்ஸ்டார், சேரிட்டி நேவிகேட்டர் எல்லாம் அதுல உண்டு, நிர்வாகச் செலவு சதவீதத்த மட்டும் வெச்சு எடை போடாதீங்கன்னு வெளிப்படையா கடிதமே எழுதினாங்க. கணக்கு எழுத ஆள் இல்லாத, வேலை செய்யுதான்னு அளந்து பாக்க ஆள் இல்லாத ட்ரஸ்ட்டுக்கு நிர்வாகச் செலவு கம்மியாத்தான் இருக்கும். அத நம்பிக் குடுக்கறது நல்லதா?

நான் இதுல அஞ்சு வருஷம் நிப்பேனா? ஒரே தடவை குடுக்கற பெரிய தொகைய விட மாசா மாசம் வர்ற சின்னத் தொகைய நம்பித்தான் ஒரு அமைப்பு ஆள் வேலைக்கு எடுக்க முடியும், மருந்து ஆர்டர் போட முடியும். அதனால உங்க மனசு ஒட்டாத விஷயத்த, ஆதாரம் இருக்குங்கறதுக்காக மட்டும் எடுத்துக்காதீங்க, ஆறு மாசத்துல நிறுத்திடுவீங்க.

## பேரிடர் நிவாரணம்

வெள்ளம், நிலநடுக்கம், போர். இதுக்குக் குடுக்கறவங்கள யாரும் குறை சொல்ல முடியாது, தேவை கண்ணு முன்னாடி இருக்கு, முதல் சில நாள்ல போய்ச் சேர்ற தண்ணி, மருந்து, தார்ப்பாய் உயிரக் காப்பாத்துது. ஆனா பணம் அலை மாதிரி வந்துட்டு அலை மாதிரியே போயிடும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் ஒரு வாரம் சுமார்லயே எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, எங்க சுனாமி வேலைக்குத் தேவையான பணம் வந்துடுச்சு, இதுக்குன்னு இனிமே அனுப்பாதீங்கன்னு அறிவிச்சுது. அதே நேரத்துல மத்த இடங்கள்ல அவங்க வேலைக்குப் பணம் தேவைப்பட்டுட்டுதான் இருந்துச்சு. அப்படிச் சொல்றதுக்கு ஒரு நேர்மை வேணும், அந்த நேர்மைக்காகவே அவங்க மேல எனக்கு மரியாதை.

பொருளா குடுக்கறதப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இத நான் கண்ணால பாத்தேன். ஒரு வெள்ளத்துக்கு அப்புறம் நிவாரண முகாம்ல துணி பிரிக்கற வேலைக்கு ரெண்டு நாள் போயிருந்தேன். ஹால் முழுக்க மூட்டை, தரைல இருந்து ஜன்னல் உயரத்துக்கு. பிரிச்சா ஒத்தக் கால் ஷூ, ஜிப் போன பேண்ட், வேர்த்துக் கொட்டற அந்த ஊருக்குக் கம்பளி ஸ்வெட்டர், துவைக்காமலே கட்டி அனுப்பின பெட்ஷீட். ரெண்டாவது நாள் மத்தியானம் ஒரு அம்மா வந்து மெதுவா, பக்கத்துல யாரும் இல்லாதப்ப, பொண்ணுக்கு நாப்கினும் உள்ளாடையும் இருக்காம்மான்னு கேட்டாங்க. நாங்க நாலு பேர் நின்னோம், ஹால் நிறைய துணி, அவங்க கேட்டது ஒண்ணு கூட அதுல இல்ல. அந்தத் துணிய எல்லாம் ஏத்தி வந்த லாரி வாடகை, பிரிச்ச ஆளுங்க நேரம், கடைசில குப்பைக்கு அனுப்பின செலவு, இதெல்லாம் யாரும் எழுதி வைக்காத செலவு. பணமா குடுத்திருந்தா பக்கத்து ஊர்க் கடைலயே அரை மணி நேரத்துல வாங்கிருக்கலாம்.

இது எப்ப சரி: அந்த இடத்துல முன்னாடியே வேலை செஞ்சிட்டிருந்த அமைப்பு, நீங்க பணமா குடுக்கறீங்க, "இந்தப் பேரிடருக்கு மட்டும்"னு கட்டிப் போடாம குடுக்கறீங்க. இன்னொண்ணு, ஆறு மாசம் கழிச்சுக் குடுங்க. கேமரா எல்லாம் போயிருக்கும், வீடு கட்டற வேலை அப்பதான் ஆரம்பிச்சிருக்கும்.

## நோய்த்தடுப்பு, பொது சுகாதாரம்

என் பணத்துல பெரும்பங்கு இங்கதான் போகுது, அத ஒளிக்காம சொல்லிடறேன்.

மலேரியாவால வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 6 லட்சம் பேர் சாகறாங்க, அதுல முக்கால்வாசிக்குப் பக்கம் ஆப்பிரிக்காவுல இருக்கற அஞ்சு வயசு நிரம்பாத குழந்தைங்க. அதுக்கு எதிரா பெருசா வேலை செஞ்ச பொருள் பூச்சிமருந்து ஏத்தின கொசுவலை, அவ்வளவுதான். 2000ல இருந்து 2015 வரைக்கும் ஆப்பிரிக்காவுல தடுத்த மலேரியா பாதிப்பு 66 கோடிக்கு மேலன்னு ஒரு பெரிய ஆய்வு கணக்குப் போட்டுச்சு, அதுல மூணுல ரெண்டு பங்கு கொசுவலையாலயே. ஒரு குடும்பம் ராத்திரி அந்த வலைக்குள்ள தூங்குது, காலைல எழுந்திருக்குது, ஒண்ணும் நடக்கல. அந்த ஒண்ணும் நடக்காததுக்குத்தான் நாம பணம் குடுக்கறோம், அதுக்குப் போட்டோ கிடையாது, நன்றிக் கடிதமும் வராது.

இன்னொண்ணு நரம்புச்சிலந்தி. அழுக்குத் தண்ணி வழியா உள்ள போய், ஒரு வருஷம் கழிச்சு மீட்டர் நீளப் புழு கால்ல கொப்புளத்த உடைச்சிட்டு வெளிய வரும், அத ஒரு குச்சில சுத்திச் சுத்தி வாரக்கணக்குல இழுக்கணும், அறுந்துட்டா இன்னும் மோசம். தடுப்பூசி கிடையாது, மருந்து கிடையாது. 1986ல சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்துச்சு. முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஆரம்பிச்ச கார்ட்டர் சென்டரும் மத்த அமைப்புகளும் அந்தந்த ஊர் ஆளுங்கள வெச்சுத் தண்ணிய வடிகட்ட துணி குடுத்து, புழு வெளிய வர்ற ஆள் குளத்துல கால் வைக்காம பாத்துக்கிட்டு, இப்ப சில வருஷமா உலகம் முழுக்க வருஷத்துக்கு இருபதுக்கும் கம்மி. பணம் வாரி இறைச்சு நடந்ததில்ல இது, நாப்பது வருஷம் விடாம செஞ்ச வேலை.

மறைமுகச் செலவு உண்டு. வலை ரெண்டு மூணு வருஷத்துல கிழியும், மருந்து வீரியம் குறையும், திரும்பக் குடுக்கணும், கொசுவும் மருந்துக்குப் பழகுது. பணம் பெரும்பாலும் உங்களுக்கு முகம் தெரியாத ஊருக்குப் போகும். "பக்கத்துல கஷ்டப்படறவங்க இருக்கும்போது அங்க எதுக்கு"ன்னு வீட்டுலயே கேப்பாங்க, எங்க வீட்டுல கேட்டாங்க. நான் சொன்ன பதில் இதுதான்: பக்கத்துல இருக்கறவங்கள நான் மட்டும் இல்ல, நாலு பேர் பாக்கறாங்க, அங்க பாக்க ஆள் கம்மி. 2007ல இருந்து இதையே தொழிலா ஆராயற கிவ்வெல் மாதிரி அமைப்புகள் கணக்குப்படி, இந்த வகை வேலைல சில ஆயிரம் டாலருக்கு ஒரு உயிர காப்பாத்த முடியுது. அது ஒரு மதிப்பீடுதான், ஆனா அவங்க போட்ட கணக்க வரி வரியா வெளிய வெச்சிருக்காங்க, நீங்களே பாக்கலாம்.

## படிப்பு

எல்லாருக்கும் பிடிச்ச விஷயம், அதனாலேயே ஜாக்கிரதை வேணும். பில்டிங், பேக், நோட்டு, டேப்லெட்னு கண்ணுல படறதுக்குத்தான் பணம் ஈசியா கிடைக்கும். ஆனா பல நாட்டுல பிள்ளைங்க பள்ளிக்கூடம் வந்துட்டேதான் இருக்காங்க, அஞ்சாவது வந்தும் ரெண்டாவது வகுப்புப் பாடத்தப் படிக்கத் தெரியல. வயசப் பாத்து உக்கார வைக்காம, எழுத்து தெரிஞ்சவங்க ஒரு கும்பல், வாக்கியம் படிக்கறவங்க ஒரு கும்பல்னு பிரிச்சுத் தினம் கொஞ்ச நேரம் சொல்லிக் குடுக்கற முறைய பிரதம்ங்கற இந்தியக் கல்வி அமைப்பு செஞ்சுது, பொருளாதார ஆய்வாளருங்க அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ எல்லாம் அத அளந்து பாத்தாங்க, நல்லா வேலை செஞ்சுது. அவங்களும் மைக்கேல் க்ரெமரும் 2019ல நோபல் வாங்கினது இப்படிச் சோதிச்சுப் பாக்கற வழிக்காகத்தான்.

மறைமுகச் செலவுன்னா காலம். பலன் தெரிய பத்து வருஷம் ஆகும், நடுவுல விட்டா ஒரு பிள்ளைய பாதில விட்ட மாதிரி. ஒரு பிள்ளைய தத்தெடுத்துப் படிக்க வைக்கறதா இருந்தா இடைல உங்க வேலை போனாலும் அந்த ஃபீஸ் போகணும், அதுக்குத் தனியா எடுத்து வெச்சிட்டு ஆரம்பிங்க.

அனாதை இல்லங்களப் பத்தி ஒரு வார்த்தை. உலகத்துல பல இடத்துல இல்லங்கள்ல இருக்கற பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்க, வறுமையால விட்டுட்டுப் போனவங்க. டொனேஷன் வர வர இல்லம் நிறையணும்ங்கற நிலைமையும் சில இடத்துல வந்திருக்கு. பிள்ளைய வீட்டுலயே வெச்சுக்க அந்தக் குடும்பத்துக்கு உதவற அமைப்பு கிடைச்சா அத முதல்ல பாருங்க.

## நேரடியா பணம்

ஏழைக் குடும்பத்துக்கு நேரா பணத்தையே குடுத்துடறது. கேட்ட உடனே எல்லாரும் சொல்றது "குடிச்சே அழிச்சுடுவாங்க". பல நாட்டு ஆய்வுகள ஒண்ணு சேத்துப் பாத்தப்ப குடியும் புகையிலையும் அதிகமாகல, சில இடத்துல குறைஞ்சுது. கென்யாவுல, இப்படி நேரா பணம் குடுக்கற கிவ்டைரக்ட்லிங்கற அமைப்பு குடுத்த பணத்தப் பத்தின ஆய்வுல, ஒரு டாலர் போனா அந்த வட்டாரப் பொருளாதாரம் சுமார் ரெண்டரை டாலர் அளவுக்கு வளந்துச்சு, பணம் வாங்காத பக்கத்து வீட்டுக்கும் பலன் போச்சு.

இதுல எனக்குப் பிடிச்சது மரியாதை. கூரை ஒழுகுதா, பொண்ணுக்கு மருந்து வேணுமான்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஆனா ஆஸ்பத்திரியே இல்லாத ஊர்ல பணம் ஆஸ்பத்திரி ஆகாது, எல்லாரும் சேந்து செய்ய வேண்டிய தடுப்பு வேலையத் தனித்தனியா குடுக்கற பணம் செய்யாது.

## தனி ஆளுக்கான மருத்துவ க்ரவுட்ஃபண்டிங்

கஷ்டமான இடம் இதுதான். கூட வேலை செய்யற ஒருத்தரோட குழந்தைக்காக நானும் ஆன்லைன்ல பல பேர்கிட்ட பணம் திரட்டற ஒரு பக்கம் ஓபன் பண்ணிக் குடுத்தேன். எந்த போட்டோ போடறதுன்னு அவரு போன்ல ஒவ்வொண்ணா தள்ளிட்டே வந்தாரு, சிரிக்கற போட்டோ வேணாமாம், ட்யூப் மாட்டின போட்டோதான் வேணும்னு யாரோ சொல்லிருக்காங்க. ஒரு அப்பன அந்த நிலைமைல வைக்கறதே ஒரு செலவு. பணம் வந்துச்சு, ஏன்னா எங்க ஆஃபீஸ்ல முன்னூறு பேர் இருக்கோம். அதே வார்டுல பக்கத்துப் பெட்ல இருந்தவங்களுக்கு அப்படி முன்னூறு பேர் இல்ல. அமெரிக்காவுல 2016ல இருந்து 2020 வரைக்குமான மருத்துவ நிதி கேட்புகள ஆராய்ஞ்சப்ப 12 சதவீதம்தான் கேட்ட தொகைய எட்டிருக்கு.

தெரிஞ்சவங்களா இருந்தா குடுங்க, யோசிக்காதீங்க, அது உறவு. தெரியாதவங்கன்னா ஆஸ்பத்திரி பில் கணக்குக்கே நேரா கட்ட முடியுமான்னு பாருங்க, சில தளங்கள்ல டிப்ஸுன்னு ஒரு தொகை தானாவே டிக் ஆகியிருக்கும், அதையும் பாத்துட்டு அனுப்புங்க.

## சட்டம், கொள்கை மாத்தற வேலை, விலங்குகள்

ரெண்டையும் சேத்துச் சுருக்கமா சொல்றேன். பெட்ரோல்ல ஈயம் கலக்கறத நிறுத்த ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2002ல கூட்டணி அமைச்சு வேலைய ஆரம்பிச்சுது, 2021ல கடைசி நாடா அல்ஜீரியா நிறுத்துச்சு. எத்தன கோடிக் குழந்தைங்க மூளையத் தொட்ட விஷயம், ஒவ்வொரு நாடா போய்ப் பேசி, அளந்து காட்டி முடிச்சாங்க. ஜெயிச்சா பலன் மத்த எதையும் விடப் பெருசு, தோத்தா பத்து வருஷப் பணத்துக்குக் காட்ட ஒண்ணும் இருக்காது. அந்தப் பொறுமை இருக்கறவங்களுக்கு இது.

விலங்குகள்ல தெருநாய் தடுப்பூசி எனக்கு மனசுக்கு நெருக்கம். ஒரு பகுதில 70 சதவீத நாய்ங்களுக்கு ரேபிஸ் ஊசி போட்டா நோய் பரவறது அறுபடும், நாயும் பிழைக்கும், குழந்தையும் பிழைக்கும். பண்ணைல கூண்டுல அடைபட்ட கோழிங்களுக்குக் குடுக்கறவங்க ரொம்பக் கம்மி, ஆனா ஐரோப்பிய ஒன்றியம் 2012ல பழைய கம்பிக் கூண்ட தடை பண்ண மாதிரி ஒரு சட்டம் வந்தா கோடிக்கணக்குல மாறும்.

## ஒரே பார்வைல

| எதுக்கு | பலன் எப்ப | ஆதாரம் | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| பேரிடர் | உடனே | அமைப்பப் பொறுத்து | பொருள் குவியறது, ஆறு மாசத்துல மறந்துடறது | பணமா, கட்டுப்பாடு இல்லாம குடுக்கறவங்க |
| நோய்த்தடுப்பு | மாசங்கள்ல | ரொம்ப பலம் | திரும்பத் திரும்பச் செய்யணும், முகம் தெரியாது | ஒரு ரூபாய்க்கு அதிக உயிர்னு பாக்கறவங்க |
| படிப்பு | வருஷங்கள்ல | முறையப் பொறுத்து ஏறும் இறங்கும் | பாதில விடவே கூடாது | நீண்ட காலம் நிக்கறவங்க |
| நேரடிப் பணம் | உடனே | பலம் | பொது வசதிய உருவாக்காது | வாங்கறவங்க முடிவ மதிக்கறவங்க |
| தனி மருத்துவம் | உடனே | ஒவ்வொண்ணும் தனி | கேக்கறவங்க மானம், தளத்தோட கட்டணம் | தெரிஞ்சவங்களுக்குள்ள |
| கொள்கை | பல வருஷம் | முன்கூட்டிச் சொல்ல முடியாது | முழுசா தோக்கலாம் | பொறுமை உள்ளவங்க |

## நான் எப்படிப் பிரிச்சேன்

பத்து பங்குன்னா ஆறு நோய்த்தடுப்புக்கு, ஆட்டோ டெபிட், மாசா மாசம். ரெண்டு படிப்புக்கு, ஒரே அமைப்பு, அஞ்சு வருஷத்துக்கு மாத்த மாட்டேன்னு முடிவு. ஒண்ணு நாய் ஊசிக்கு. மிச்சம் ஒண்ணு திடீர்னு வர்றதுக்கு: யாராவது கூப்பிடுவாங்க, எங்கயாவது நிலம் நடுங்கும், அப்ப மனசு சொல்றபடி குடுக்க. அந்த ஒரு பங்கு தீந்துட்டா அந்த மாசம் வேற கேட்டா "இப்ப முடியல"ன்னு சொல்றேன். சொல்றது கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா மீதி ஒன்பது பங்கு எங்கயோ வேலை செஞ்சிட்டிருக்குன்னு தெரியறதால இப்பல்லாம் தூக்கம் வருது.

உங்க பிரிப்பு வேற மாதிரி இருக்கலாம். தங்கச்சியக் காசநோய்ல இழந்தவங்க காசநோய்க்குக் குடுக்கட்டும், அந்த நினைப்பு அவங்கள இருபது வருஷம் நிறுத்தும். அந்த நோய்க்குள்ள எந்த அமைப்பு நல்லா செய்யுதுன்னு மட்டும் தேடுங்க.

சித்தி பொண்ணுக்கு இதையெல்லாம் சொன்னேன். அவ படிப்புதான் எனக்குன்னு சொல்லிட்டா, நான் மறுக்கல. மூணு அமைப்பத் தேர்ந்தெடுத்து மூணு பேருக்கும் ஒரே மெயில் அனுப்பினா: போன வருஷம் நீங்க செஞ்சதுல எது வேலை செய்யல? ஒருத்தர் பதிலே போடல. ஒருத்தர் கலர் பிரவுச்சர் அனுப்பினாங்க, எல்லா பக்கத்துலயும் பிள்ளைங்க சிரிச்சிட்டிருந்தாங்க. மூணாவது ஆளுங்ககிட்ட இருந்து நாலு நாள் கழிச்சு ஒரு பக்கம் வந்துச்சு: சாயங்கால வகுப்பு ரெண்டு ஊர்ல எடுபடல, பொம்பளப் பிள்ளைங்க இருட்டினதுக்கு அப்புறம் வர முடியல, அத நாங்க முன்னாடியே கேட்டிருக்கணும், இப்ப காலைக்கு மாத்திருக்கோம், வருகைக் கணக்கு கீழ இருக்குன்னு. அன்னைக்கு ராத்திரியே அவங்களுக்கு மாசாமாசம் போற மாதிரி போட்டுட்டேன்னு எனக்கு மெசேஜ் பண்ணா.